மேல்காற்றில் ஒரு சைக்கிள் பந்தயம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மற்றவர்கள் அனைவரும் சுகம். இரண்டு நாள் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதன் இரண்டாம் நாள் கட்டம் வள்ளியூரில் தொடங்கி, இராதாபுரம் வழியாகக் கூடங்குளம் வரை சென்று, வந்த வழியே திரும்பும் சாலைப் பந்தயம். மலையேற்றம் என்று எதுவும் இல்லாத அந்தச் சாலையில் நான் பட்ட பாட்டை உங்களிடம்தான் விரிவாகச் சொல்ல முடியும்.

அன்று ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் நம் தெற்குப் பக்கத்துக்கு மழை வந்து சேர்வதில்லை, காற்று மட்டுமே வந்து சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் தடைபட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் இடைவெளியில் நெருக்கிப் புகுந்து வேகம் கூடி வெளியேறுவதால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆறு மணிக்குப் புறப்பட்டபோது பனையோலைகள் இலேசாகச் சலசலத்துக்கொண்டிருந்தன. இராதாபுரத்தை நெருங்கும்போது அவை சீவிவிட்ட தலைமுடியைப் போல ஒரே பக்கமாகக் கிழக்கே படிந்திருந்தன. கண்ணுக்கு எட்டிய காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பியிருந்தன. அதைப் பார்த்த அந்த இடத்திலேயே நான் கூட்டத்தின் முன்பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும்.

நான் போகவில்லை. வள்ளியூரிலிருந்து சாலை தென்கிழக்காகச் செல்வதால் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே கூட்டமாகப் பேசிக்கொண்டே வந்தோம். இராதாபுரத்தில் சாலை தெற்கே திரும்புகிற நேரத்தில் நான் கடைசி வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாட்டிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கூட்டம் உடைந்துவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே போகிறவனை அதே வேகத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அறைந்தால், அவன் உடலுக்குக் காற்று நேர் வலப்புறத்திலிருந்து வருவதில்லை; முன்வலப்புறத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் வருகிறது. ஆகவே முன்னால் போகிறவனின் நேர் பின்னால் காற்றுக்கு மறைப்பு இல்லை, அவனுக்குப் பின்னே இடப்பக்கம் தள்ளித்தான் இருக்கிறது. முதல் ஆள் சாலையின் நடுக்கோட்டை ஒட்டிச் செல்ல, மற்றவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக இடப்பக்கம் சரிந்து விசிறிபோல் நிற்பார்கள். நமக்குக் கிடைத்த பாதிச் சாலையில் அப்படி ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. ஏழாவது ஆளிலிருந்து எல்லோரும் இடது ஓரத்தில், மண்ணை ஒட்டி, எந்த மறைப்பும் இல்லாமல் ஒற்றை வரிசையில் தொங்க வேண்டியதுதான். நான் அந்த வரிசையின் வால். சாலைக்குக் குறுக்கே ஓடிவந்த செம்மணல் கணுக்காலில் ஊசிபோலக் குத்தியது. எனக்கு முன்னால் மூன்றாவதாகப் போனவருக்குக் கால் சோர்ந்து ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. அதை அடைக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.

2013 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 13ஆம் கட்டத்தைப் பற்றி நாம் பேசியது அப்போது நினைவுக்கு வந்தது. அதுவும் சமதளச் சாலைதான். பக்கக்காற்றில் போட்டியாளர் கொன்டடோரின் அணி திடீரென்று வேகம் கூட்டிக் கூட்டத்தைப் பிளந்தபோது, முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையில் இருந்த ஃப்ரூமே பின்தங்கி ஒரு நிமிடம் 9 நொடி இழந்தார். அவரையே பிரித்துவிட்ட காற்று என்னை விடுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தனித்தனியாகச் சிதறிப் போய்க்கொண்டிருந்த எங்களை ஒன்றுசேர்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணாச்சி. வேகத்தைக் குறைத்து நடுக்கோட்டுக்குப் போய், கையை அசைத்து எங்களை இடப்பக்கம் அடுக்கினார். ஒருவர் அரை நிமிடம் முன்னே நிற்பது. முறை முடிந்ததும் காற்று வரும் பக்கமாகவே ஒதுங்கிப் பின்னே வருவது. அப்படி வருகிறவரின் உடலே முன்னேறிச் செல்கிறவர்களுக்கு மறைப்பாவது. இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் இரண்டு முறை நான் வேண்டுமென்றே என் முறையைச் சுருக்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி ஒரு பார்வை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஒரு முறையும் குறைக்கவில்லை. ஏழு பேரும் சேர்ந்து சுற்றத் தொடங்கியதும், சற்று முன்பு தனியே 24 கிலோமீட்டரைக்கூடத் தொட முடியாத நான் 32இல் போய்க்கொண்டிருந்தேன்.

கூடங்குளத்துக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு பேருந்து வந்தது. காற்றுக்கு ஈடாக எல்லோரும் வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தோம். பேருந்து காற்றை மறைத்த அந்த ஒரு நொடியில், சாய்வுக்கு எதிர்ப்பில்லாமல் என் வண்டி அதன் சக்கரங்களை நோக்கியே இழுத்தது. ஹேண்டில்பாரை நிமிர்த்துவதற்குள் பேருந்து கடந்துவிட, காற்று மறுபடி அறைந்து மண் ஓரம் வரை தள்ளியது. நீங்கள் சொன்னபடி, பக்கக்காற்றை அதிகம் வாங்கும் உயரமான கார்பன் ரிம்மைக் கழற்றிவைத்துவிட்டுப் பழைய அலுமினிய ரிம்மைப் போட்டிராவிட்டால் இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான் எழுதியிருப்பேன். அந்த ஆலோசனைக்கு மனமார்ந்த நன்றி.

திரும்பும்போது காற்று இடப்பக்கம் மாறியதால் வரிசையும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்தது. இராதாபுரத்துக்குப் பிறகு காற்று ஏறக்குறைய முகத்துக்கு நேரே. அங்கே இரண்டு பேர் கழன்றுவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர் வள்ளியூர் வந்து சேர்ந்தோம். எல்லைக் கோட்டுக்கு முன்னால் அந்த அண்ணாச்சியை முந்த எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. அவர் 11ஆவது, நான் 13ஆவது. முதல் கூட்டம் எங்களுக்கு ஒன்பது நிமிடம் முன்னால் வந்து இளநீர் குடித்து முடித்திருந்தது.

ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வரும்போது சைக்கிளையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். அப்போதும் காற்று தணிந்திருக்காது. அந்த அண்ணாச்சியையும் இன்னும் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். விடியலில் இராதாபுரம் சாலையில் சுற்றிப் பழகலாம். முதல் முறை முன்னே நிற்பது நான்.

அன்புடன்,
உங்கள் தம்பி