மூன்றாம் மாடியில் இரண்டு இரவுகள்

அன்புள்ள கண்ணா,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்தேன். நான்கு நாள் காய்ச்சலில் நீ கிடந்தபோது, பேர்கூடத் தெரியாத எதிர்வீட்டு அம்மா உன் வாசலில் கிடந்த பனியைத் தள்ளிவிட்டு, ஒரு பாத்திரத்தில் சூப்பும் வைத்துவிட்டுப் போனார் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருந்தது. "இதுக்கு நான் எப்படிம்மா திருப்பிச் செய்யறது?" என்றாய். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2015 சென்னை வெள்ளத்தின்போது நீ கோவையில் ஹாஸ்டலில் இருந்தாய். இரண்டு நாள் எங்கள் போன் கிடைக்காமல் தவித்தாய். அப்புறம் யாரோ ஒரு பையன் கூப்பிட்டு, "உங்க அப்பா அம்மா நல்லா இருக்காங்க" என்றான். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் முழுசாகச் சொன்னதே இல்லை.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் விழுந்தது என்பதெல்லாம் நாங்கள் பிறகு படித்ததுதான். ஜாபர்கான்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்தது, இரவு படுக்கும்போது தெருவில் இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கட்டில் காலைத் தொட்டது மட்டும்தான். அப்பாவின் சர்க்கரை மாத்திரையையும் உன் சான்றிதழ் பையையும் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். இடுப்பளவு தண்ணீர், கும்மிருட்டு. எங்கே போவது என்று நின்றபோது மேலேயிருந்து ஒரு டார்ச் வெளிச்சம். "அக்கா, இங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு" என்று ஒரு குரல்.

ஆறு வருஷமாக அதே தெருவில் இருந்தோம், கண்ணா. அந்த வீட்டுப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மூன்றாம் மாடி வீட்டில் அன்றிரவு பதினோரு பேர். கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீந்த அகல்களையும் எண்ணெயையும் எடுத்து அறைக்கு ஒரு விளக்காக ஏற்றி வைத்தாள். சிலிண்டரில் கேஸ் எவ்வளவு இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் பெரிய குக்கரில் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி வைத்தாள். ஊறுகாய் பாட்டிலை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து குடித்தோம். நான் கூசிக் கூசிக் குடித்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டில் பரிமாறுகிறவள் மாதிரி இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே ஊரே மூழ்கிக்கொண்டிருக்க, இவளுக்கு எப்படி இத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் பால், பேப்பர் எதுவும் வரவில்லை. 1878-ல் தொடங்கிய இந்து நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அரை லிட்டர் பாலை 100 ரூபாய்க்கு விற்ற இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னைக் கூப்பிட்ட பையனும் அந்த ஊரில்தான் இருந்தான். அவன் போன் ஒன்றுதான் எடுத்தது. தண்ணீரில் வீடு வீடாகப் போய்ச் சொந்தக்காரர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி, சார்ஜ் தீரும்வரை ஒவ்வொருவரிடமும் "நல்லா இருக்காங்க" என்று சொன்னான்.

மூன்றாம் நாள் அப்பாவின் மாத்திரை தீர்ந்தது. மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த படகுதான் எங்களைப் பெரிய ரோட்டில் சேர்த்தது. அப்பா நனைந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். படகுக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "கையக் குடுங்கய்யா, வழுக்கும்" என்றார்.

வீடு திரும்பியபோது முழங்கால் அளவு சேறு. தெருவைச் சுத்தம் செய்யப் பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வந்திருந்தார்கள். அழுகிய மெத்தைகளையும் நாற்றமெடுத்த குப்பையையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இரவல் அடுப்பு ஒன்று, நிவாரணப் பையில் வந்த பால்பவுடர், கொஞ்சம் சர்க்கரை. டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒரு அம்மா குடித்து முடித்து, தயங்கி, "இன்னும் கொஞ்சம் இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு தட்டு முட்டுச் சாமான் மிஞ்சாத வீட்டுக்காரி நான். என்னிடம் ஒருத்தி இன்னும் கேட்கிறாள், கொடுக்க என்னிடம் இருக்கிறது! உள்ளே ஓடி மறுபடி டீ போட்டேன். கொதிக்கிற டீயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், அகல் வெளிச்சத்தில் பார்த்த அந்த முகம் எனக்குப் புரிந்தது.

உன் எதிர்வீட்டு அம்மாவும் அன்று அப்படித்தான் தன் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அந்தச் சூப்பை நீ கணக்கில் எழுதிவைத்துக்கொண்டு கூச வேண்டாம்.

ஆனால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். படகு ஏறும்போது மூன்றாம் மாடிக்காரி அப்பாவுக்காகத் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருந்தாள். பொங்கலன்று அதை நன்றாகத் தேய்த்து, சர்க்கரைப் பொங்கல் நிரப்பிக் கொண்டுபோனேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று உன் பாட்டி சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் எங்களுக்குள் ஏதாவது ஒரு டப்பா மேலும் கீழுமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கொரியரில் ரவா லட்டு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் அந்தப் பாத்திரத்தில் ஆறு உருண்டை எடுத்து வைத்துக்கொண்டு போ. முந்திரி போட்டிருக்கிறது, அவருக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுக் கொடு. அப்படியே அவர் பேரையும் கேட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா