கதவு சரி, தாழ்ப்பாளை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியில் கதவு, ஜன்னல் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். கல்யாண மண்டபம், நர்சிங் ஹோம், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் என்று பல இடங்களில் வேலை பார்க்கிறேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே குறையைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பக்கவாட்டுக் கதவைப் பாருங்கள். 'வெளியேறும் வழி' என்று மேலே பச்சைப் பலகை எரிந்துகொண்டிருக்கும், அதற்கு நேர் கீழே ஆல்ட்ராப் (பூட்டு மாட்டுகிற படுக்கைத் தாழ்ப்பாள்) போட்டுப் பூட்டு தொங்கும். சாவி ஆபீஸ் ரூமில் மேனேஜரின் மேஜை டிராயரில் இருக்கும். பூட்டு இல்லாத கதவிலும் மேல் டவர் போல்ட்டில், அதாவது நிலையின் துளைக்குள் செருகும் கம்பித் தாழ்ப்பாளில், பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, குமிழைப் பிடித்து இழுத்தால் அசையவே அசையாது. இந்தக் கட்டடத்துக்கும் வரைபட ஒப்புதல் இருக்கும், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் இருக்கும். வரைபடத்தில் கதவு எங்கே, அகலம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்தக் கதவில் என்ன மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில், நான்காம் பகுதி முழுக்கத் தீ பற்றியும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியும்தான். வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் பூட்டும் தாழ்ப்பாளும் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதே விதிதான் தீர்மானிக்கிறது. உரிமையாளரின் வசதிக்கோ ஆசாரியின் பழக்கத்துக்கோ விடுகிற விஷயமில்லை இது.

இந்த விதிகள் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல, செத்தவர்களை எண்ணி எழுதியவை. 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்து விக்டோரியா ஹாலில் பரிசு வாங்க மாடியிலிருந்து ஓடி வந்த குழந்தைகள், ஒரு ஆள் மட்டும் நுழையும் அளவு திறந்து தாழ்ப்பாள் போட்டிருந்த கதவில் சிக்கி நசுங்கினார்கள். 183 குழந்தைகள். அங்கே தீயே இல்லை, தாழ்ப்பாள் மட்டும்தான் இருந்தது. 1903இல் சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் தீப்பிடித்து 602 பேர் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும், எப்படித் திறப்பது என்று ஜனங்களுக்குப் பிடிபடாத தாழ்ப்பாள்களும் பெரிய காரணம். கதவின் குறுக்கே மாட்டுகிற, தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் என்ற கம்பி பரவலாக விற்பனைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் 1997இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர். அங்கேயும் பால்கனிக் கதவு தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தது.

சரி, டவர் போல்ட்டையும் கையால் திறக்கலாமே என்று கேட்பார்கள். ஆள் இல்லாதபோது திறக்கலாம். நூறு பேர் பின்னாலிருந்து முட்டும்போது கதவு அழுத்தி, போல்ட் அதன் துளையிலேயே இறுகிவிடும், என்ன இழுத்தாலும் வராது. இதற்காகத்தான் பேனிக் பாருக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1125இல் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பாரைத் தள்ளித் திறக்க 80 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் எட்டு கிலோ அழுத்தத்துக்கு மேல், தேவைப்படக் கூடாது. அப்புறம் கதவின் மேல் 1000 நியூட்டன் சுமை கொடுத்துவிட்டுத் தள்ளினாலும் 220 நியூட்டனுக்குள் திறந்துவிட வேண்டும். போதாததற்குக் குறைந்தது ஒரு லட்சம் முறை திறந்து மூடிப் பார்க்கிறார்கள். கூட்டம் முட்டும் என்பதைக் கணக்கில் எடுத்துச் செய்த சான்றிதழ் இது. நம் கடைகளில் கிலோ கணக்கில் எடை போட்டுத் தருகிற தாழ்ப்பாளுக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

தீத்தடுப்புக் கதவு விஷயம் இன்னும் மோசம். இதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3614இன்படி கதவு, வாசக்கால், கீல், பூட்டு, கதவைத் தானாக மூடவைக்கும் குளோசர் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டாகத்தான் சோதனை உலையில் வைக்கிறார்கள். அந்த உலை ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி, இரண்டு மணி நேரத்தில் 1049 டிகிரி செல்சியஸ் வரை போகும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். சான்றிதழ் வாங்கிய கதவைத் தளத்துக்குக் கொண்டுவந்து, செலவு மிச்சம் என்று அலுமினியக் கைப்பிடியும் ஊர் பேர் தெரியாத பூட்டும் மாட்டினால், அந்தச் சான்றிதழ் அந்தக் கதவுக்கு இனிமேல் பொருந்தாது. குளோசரைக் கழற்றி வைத்துவிட்டு, வார்டுக்குள் டிராலி போய்வர வசதியாகக் கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. திறந்தே கிடக்கிற தீக்கதவு புகையை எப்படித் தடுக்கும்?

ஓசூர் ஹாஸ்டல்களில் இப்போது கார்டு காட்டினால் திறக்கும் காந்தப் பூட்டு வந்துவிட்டது. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நல்லதுதான், நானே மாட்டித் தருகிறேன். ஆனால் கரண்ட் போனாலும் தீ அலாரம் அடித்தாலும் அந்தப் பூட்டு தானாக விட்டுவிடும்படி இணைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு அலாரத்தோடு இணைக்காமல் விட்டால், கட்டடமே புகைந்தாலும் அது கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

மண்டபக்காரர்களைக் குறை சொல்வது மட்டும் என் நோக்கமில்லை. பாத்திரம் திருடு போகிறது, அழையாத ஆட்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பந்திக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அவர்கள் சொல்வதும் நிஜம்தான். ஆனால் வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறந்து மணி அடிக்கிற பேனிக் பார் விற்கிறது. ஒன்றின் விலைக்கு டவர் போல்ட் பெட்டி பெட்டியாக வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் மேடை அலங்காரத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் போகிற பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் என் கோரிக்கை இதுதான். மண்டபம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, வெளியேறும் ஒவ்வொரு கதவிலும் என்ன பூட்டு, என்ன கீல், என்ன குளோசர், எந்தத் தரத்தில் சோதித்தது என்று கோப்பில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வருகிற அதிகாரி அந்தக் கதவை உள்ளிருந்து ஒரே கையால் தள்ளிப் பார்க்கட்டும், திறக்காவிட்டால் அன்றே கையெழுத்து வேண்டாம். பொருளில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும். இதைக் கடைக்காரரும் ஆசாரியும் வீடு கட்டுகிறவரும்கூடச் செய்யலாம், காசு கிடையாது. பூட்டு தொங்குகிற வெளியேறும் கதவுகளை மட்டுமாவது அடுத்த முகூர்த்த சீசனுக்குள் சரிசெய்ய உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
கதவு வேலை ஒப்பந்தக்காரர்,
பென்னாகரம் ரோடு, தர்மபுரி.