கையெழுத்து உணரியின் முகவரியை இப்போதே மாற்றுங்கள்: பராமரிப்பாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். கையால் எழுதிய எழுத்துகளைப் படிக்கும் நம் மென்பொருளான தமிழ்க் கையெழுத்து உணரி "சோதனைத் திட்டம்தானே, இப்போதைக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்று சென்ற வாரம் முடிவு சொல்லியிருக்கிறீர்கள். இருக்கிற இடம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்களில் ஒருவருடைய தனிக் கணக்கு. எங்கள் கோரிக்கை இது: ரெப்போவை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் உள்ள களஞ்சியத்தை) குழுவின் பெயருக்கு மாற்றுங்கள், மாற்றும்போதே மாடல் கோப்புகளை (பயிற்சியில் உருவாகும் பெரிய கோப்புகளை) வரலாற்றிலிருந்து நீக்குங்கள். சோதனைத் திட்டம் என்பதால்தான் இதை இப்போதே கேட்கிறோம்.

புதிதாக வரும் ஒரு மாணவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பயிற்சி முடியும்போதெல்லாம் 95 எம்பி மாடல் கோப்பை அப்படியே கமிட் செய்திருக்கிறீர்கள், அதாவது வரலாற்றில் பதிந்திருக்கிறீர்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத்தான் தடுக்கும். 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும் காட்டும். அந்த எச்சரிக்கையை 14 முறை கடந்து வந்திருக்கிறோம். இத்தகைய பைனரிக் கோப்புகளில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாட்டை மட்டும் சேமிக்க, மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருளான கிட் (Git) கருவியால் பெரும்பாலும் முடிவதில்லை. ஆகவே 14 பிரதியும் முழுதாகவே கிடக்கின்றன. கோட் சில எம்பிதான், குளோன் செய்ய (முழுப் பிரதி எடுக்க) இறங்குவதோ 1.3 ஜிபி.

அந்த மாணவரிடம் இருப்பது நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா. "ரிசீவிங் ஆப்ஜெக்ட்ஸ்: 78%" வரை போகிறது, சிக்னல் ஒரு நொடி அறுகிறது, "ஏர்லி இஓஎஃப்" என்று வந்து நிற்கிறது. கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. பாதியில் நின்றதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே 1 ஜிபி போய்விட்டது. மிச்சமுள்ள அரை ஜிபியில் மறுமுயற்சி முடியாது. அன்றைய நாள் அவ்வளவுதான். மறுநாளும் இதேதான் என்றால் அவர் மூன்றாம் நாள் வரமாட்டார். ஆள் வரவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருந்துகிறோம். வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போவதை யாரும் பார்ப்பதில்லை.

"டெப்த் 1 போட்டுக் குளோன் செய்தால் போதுமே" என்று பதில் வந்தது. அப்படிச் செய்தால் கடைசிப் பதிப்பின் கோப்புகள் மட்டும் வரும், வரலாறு வராது. எந்த மாற்றத்துக்குப் பிறகு 'ன'வும் 'ண'வும் குழம்ப ஆரம்பித்தன என்று பைசெக்ட் போட்டு, அதாவது வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்து, தேட முடியாது. சோதனைத் திட்டத்தில் பாதி வேலையே அந்தத் தேடல்தானே?

தனிக் கணக்கு விஷயத்தில் எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை. ஆனால் இரட்டைச் சரிபார்ப்பு உள்ள கணக்கில் போனும் தொலைந்து, மீட்புக் குறியீடுகளும் மற்ற மீட்பு வழிகளும் கையில் இல்லையென்றால், கிட்ஹப் கணக்கைத் திருப்பித் தராது. ஒருவர் பேருந்தில் போனைத் தவறவிட்டால் எல்லோருடைய உழைப்புக்கும் பூட்டு விழலாம். குழுக் கணக்கில் குறைந்தது மூன்று உரிமையாளர்கள் இருக்க வேண்டும்.

இடங்களும் நிலையானவை அல்ல. கிட்ஹப் போன்ற தளமாக 2006இல் வந்த கூகுள் கோடு 2016 சனவரியில் மூடப்பட்டது. இன்னொரு தளமான பிட்பக்கெட் 2019இல் அறிவித்து, 2020இல் மெர்க்குரியல் (கிட் போன்ற வேறொரு மென்பொருள்) ரெப்போக்களை நீக்கியது. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் கிட்ஹப்பும் ஒன்று. இதையெல்லாம் அறிந்தவர்கள்தான் நீங்கள். அறிந்தும் ஒரு மிரர்கூட (தானாகப் புதுப்பிக்கப்படும் நகல்கூட) வைக்காமல் இருப்பதுதான் மனத்தை வருத்துகிறது. தமிழுக்குக் கருவி இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம்; செய்த கருவியைக் காப்பாற்றி வைக்கும் அக்கறை நமக்குள் எப்போதுமே பின்னுக்குப் போய்விடுகிறது. கோபத்தில் சற்று நீட்டிவிட்டோம், மன்னிக்கவும். கோரிக்கைக்கே வருகிறோம்.

எங்கள் யோசனை: முதன்மை இடம் கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கோட்பெர்க், மிரர் கிட்ஹப். கோட்பெர்க்கை பெர்லினில் பதிவான, இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று நடத்துகிறது. கட்டற்ற உரிமம் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிப்பது) உள்ள திட்டங்களுக்கே அங்கே இடம். நம் ரெப்போவிலோ உரிமக் கோப்பே இல்லை. இன்று பங்களித்தவர்கள் ஒன்பது பேர்தான், உரிமம் வைக்க ஒரே நாளில் சம்மதம் வாங்கிவிடலாம். ஐம்பது பேர் ஆன பிறகு முடியாது. சொந்த சர்வர் என்ற யோசனையும் வந்தது. அதற்கான மென்பொருளான ஃபோர்ஜெயோ சிறிய சர்வரிலேயே ஓடும், உண்மைதான். ஆனால் பேக்கப், அப்டேட், ஸ்பேம் மூன்றையும் நள்ளிரவில் பார்க்கப் போவது யார்? இப்போதைக்கு வேண்டாம்.

மாற்றும் வேலை ஒரு நாளில் முடியும். எல்லோரும் தத்தம் கிளைகளை (தனியாகச் செய்துவரும் மாற்றங்களை) புஷ் செய்த (ரெப்போவுக்கு அனுப்பிய) பின் ரெப்போவை நிறுத்தி வையுங்கள். புதிதாக ஒரு மிரர் குளோன் (எல்லாக் கிளைகளும் அடங்கிய பிரதி) எடுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்யும் கருவியான கிட் ஃபில்டர்-ரெப்போ பழைய குளோனில் ஓட மறுக்கும். 10 எம்பிக்கு மேற்பட்டவற்றை நீக்கச் சொல்லி அதை ஓட்டுங்கள். பிறகு கிளைகளையும் டேக்குகளையும் (பதிப்புப் பெயர்களையும்) மட்டும் புதிய, காலி ரெப்போவுக்குத் தள்ளுங்கள். பழைய ரெப்போவிலேயே ஃபோர்ஸ் புஷ் செய்தால் (பழைய வரலாற்றின் மேல் எழுதினால்) பழைய புல் ரிக்வெஸ்ட்டுகள் (மாற்றங்களைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) அந்த 1.3 ஜிபியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் சுத்தம் செய்வதையும் இடம் மாற்றுவதையும் ஒன்றாகச் செய்யச் சொல்கிறோம். மாடல் கோப்புகள் ரிலீஸ் (வெளியீட்டுப் பக்க) இணைப்பாகவோ, ஆய்வுத் தரவுக் காப்பகமான ஸெனோடோவிலோ இருக்கட்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு.

ஆபத்து அதற்குப் பிறகுதான். கமிட் எண்கள் எல்லாம் மாறியிருக்கும். யாராவது ஒருவர் பழைய குளோனிலிருந்து மெர்ஜ் செய்து (இணைத்து) புஷ் செய்தால் மொத்தக் குப்பையும் திரும்பி வந்துவிடும். எல்லோரும் பழையதை அழித்துப் புதிதாகக் குளோன் செய்தே ஆக வேண்டும். கிட்ஹப் மிரரில் யாரும் எதையும் மெர்ஜ் செய்யக் கூடாது. கோட்பெர்க்கிலிருந்து வரும் அடுத்த புஷ் அதை அழித்துவிடும். மிரருக்கான அனுமதிச் சாவியான டோக்கன் காலாவதியானால் மிரர் நின்றுவிடும்; அந்தத் தேதியை இருவராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

இஷ்யூக்கள் (பிழைகளும் கோரிக்கைகளும் பதிந்த குறிப்புகள்) கிட்டுக்குள் இல்லை, குளோனில் வராது. திறந்திருப்பவை 23தான், கையால் பதிந்தாலும் ஒரு மாலை நேர வேலை. அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

குழுவின் பெயருக்கு மாற்றுங்கள், மாடல் கோப்புகளை வெளியே எடுங்கள். எந்த நாளில் ரெப்போவை நிறுத்துகிறீர்கள் என்று மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் எங்கள் கிளைகளைத் தள்ளிவிட்டுத் தயாராக இருப்போம். தயவுசெய்து அடுத்த மாடலை கமிட் செய்வதற்கு முன் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பங்களிப்பாளர்கள் சிலர்