"உணர்ச்சிவசப்படுகிறார்" என்று எழுதும் மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்தில் தையல் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும், மேனேஜர்களுக்கும், எச்.ஆர். அலுவலர்களுக்கும்,

வணக்கம். 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, இப்போது லைன் சூப்பர்வைசர். இன்கிரிமெண்ட் பேச்சு தொடங்கப் போகிறது, அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து கம்பெனி வண்டியில் வரும் ஒரு பிள்ளை, நல்ல கைவேலைக்காரி. அன்று காலையிலேயே அவளிடம் மூன்று ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. மூன்றாவது ஊசிக்கு அவள் தரையில் மண்டியிட்டுக் காந்தத்தால் துழாவிக்கொண்டிருக்க, ஃப்ளோர் இன்சார்ஜ் தலைக்கு மேல் நின்று கத்தினார். அவர் கத்தக் கத்தப் பக்கத்து மிஷின்களிலும் கை தடுமாறியது. பீஸ் மலையாகக் குவிந்தது.

அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனேன். "என்னத்தா, வீட்டுல என்ன?" அம்மாவை ராத்திரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டதால் என்ன ஆச்சென்றே தெரியவில்லை. என் பொறுப்பில் கேட்டுக்கு அழைத்துப்போய்ப் பேச வைத்தேன். அம்மா கண் விழித்து அரை இட்லி சாப்பிட்டிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் போர்டில் எங்கள் லைன் டார்கெட்டுக்கு 4 பீஸ்தான் குறைவு.

அந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தது: "உணர்ச்சிவசப்படுகிறார். கண்டிப்பு போதாது." கத்தியவருக்குத் தலைமைப் பண்பு இருக்கிறதென்று புரமோஷன். கோபம் உணர்ச்சி இல்லையா? அன்று அந்த ஃப்ளோரில் உணர்ச்சிவசப்பட்டது யார்?

என் ஒருத்தியின் மனக்குறை என்று தள்ளிவிடாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் பிரெஸ்கால், உல்மன் என்ற ஆய்வாளர்கள் நேர்காணல் வீடியோக்களைக் காட்டி இதைச் சோதித்தார்கள். கோபப்பட்ட ஆணைவிடக் கோபப்பட்ட பெண்ணுக்கு மதிப்பு குறைவாக விழுந்தது. ஆண் கோபப்பட்டால் நிலைமை அப்படி. பெண் கோபப்பட்டால் அவள் குணமே அப்படி. மார்க் போட்டவர்களில் பெண்களும் அப்படித்தான் போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் லைனில் குரல் உயர்த்திய ஒருத்தியை நானும் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருக்கிறேன். ஆக, கத்தினால் பஜாரி, கத்தாவிட்டால் கண்டிப்பு போதாது.

தன் மனதையும் அடுத்தவர் மனதையும் கவனித்து, பிரித்தறிந்து, அதை வைத்து யோசித்து நடப்பதை 1990இல் சாலோவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு திறமையாக விளக்கினார்கள். உணர்வு நுண்ணறிவு என்கிறோம். திறமை என்றால் பழகினால் வரும். "பொம்பளைங்களுக்கு அது பிறவியிலேயே வரும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் பிறவியிலேயே வருவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சண்டை தீர்ப்பது, அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வராதவளை வீடு தேடிப்போய்க் கூட்டிவருவது எல்லாம் எங்கள் தலையில். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மதுரைக்கு இது புதிதும் இல்லை. பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டிப்போய்க் கூலி பேசியவர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்தவர். 2001இல் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ. உங்கள் படிவத்தில் அவருக்கு எத்தனை மார்க் விழுந்திருக்கும்?

இன்னொன்று. 2013ஆம் வருடச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். அதன் தலைவர் உயர் பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் பெண்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஒருவரைத் தேடி அலைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏற்றிவிட்டிருந்தால்தானே இருப்பார்!

சரி, என்ன செய்யலாம்? குணத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். யார் லைனில் எத்தனை பேர் நின்றுபோனார்கள், லீவு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பீஸ் ஆல்ட்ரேஷனுக்குப் போனது என்று உங்கள் ரெஜிஸ்டரே சொல்லும். கத்தாமல் வேலை வாங்கும் பயிற்சியை முதலில் ஆண் இன்சார்ஜ்களுக்குக் கொடுங்கள். அப்புறம், கேட்டில் ஒரு போன் வையுங்கள். வீட்டிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட்டால் எடுக்க, எடுத்து உடனே லைனுக்கு வந்து சொல்ல, ஓர் ஆள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்,
திருமங்கலம்