42 என்று தட்டினேன், 66 ஆயிற்று

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பலால் பதில் எழுதாமல் இல்லை. நீ கேட்ட அதே விஷயத்தில் நானும் கையைச் சுட்டுக்கொண்டேன், அந்த வெட்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தேன்.

வீட்டில் எல்லோரும் நலம். மகள் கார் ஓட்டப் பழகுகிறாள். எனக்குக் கண்ணாடி பவர் கூடிவிட்டது, முதுகுவலி பழையபடியே.

"டேஷ்போர்டில் அந்த மஞ்சள் டயர் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, மென்பொருள் வைத்து அதை ஒரேயடியாக நிறுத்திவிடலாமாமே" என்று கேட்டிருந்தாய். சில வண்டிகளில் முடியும்தான். முதலில் என் கதையைக் கேள்.

என் ஃபோர்டுக்குப் பாரம் தாங்கும் தடித்த டயர் போட்டேன். அதற்கு 42 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்று வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதோ 35. அமெரிக்காவில் 2000இல் வந்த சட்டத்தை ஒட்டி எழுதிய விதிப்படி, குறித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் வண்டி எச்சரிக்க வேண்டும். 35க்கு அந்தக் கணக்கு போட்டால் சுமார் 26. ஆக, 42 இருக்க வேண்டிய டயர் 26க்கு இறங்கும்வரை விளக்கு வாயே திறக்காது. அதற்குள் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறிவிடும். அதனால் வண்டிக்குள் பதிந்திருக்கும் 35ஐ 42 ஆக்கிவிடுவோம் என்று கிளம்பினேன்.

இதற்கான மென்பொருள், ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். ஃபோக்ஸ்வாகன், ஆடி வைத்திருப்பவர்கள் விசிடிஎஸ் என்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் ஓபிடி சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். இக்னிஷன் ஆன், இஞ்சின் ஆஃப், பேட்டரியில் சார்ஜர். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் மாட்யூலே, அதாவது வண்டியின் குட்டிக் கணினியே, குழம்பிவிடலாம், ஆகையால் சார்ஜர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதே. பழைய பதிவையும் ஒரு ஃபைலில் சேமித்தேன். இதுவரை எல்லாம் ஒழுங்குதான்.

டயர் அழுத்தம் இருக்கும் வரியைத் திறந்தால் முன்னுக்கு 23, பின்னுக்கு 23 என்றிருந்தது. "ஸ்டிக்கரில் 35, உள்ளே 23ஆ? நல்ல கூத்து" என்று நானே சிரித்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் 42 என்று தட்டி, எழுதச் சொல்லிவிட்டேன். பிழை எதுவும் காட்டவில்லை.

மறுநாள் மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார்கள் வண்டி நிற்கும்போது தூங்கும், ஓடினால்தான் விழித்துக்கொண்டு பேசும். விழித்ததும் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, கேஜை எடுத்து அளந்தேன்: 42, 42, 41, 42. "அப்பா, நாலு டயரும் சரியாத்தானே இருக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. வீடு திரும்பி, சேமித்த ஃபைலைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், எண்களுக்கு நடுவே ஏ, சி, எஃப் என்று எழுத்துகள் நிற்பது கண்ணில் பட்டது. அத்தனையும் ஹெக்ஸ்! பத்துப் பத்தாக இல்லை, பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு. 23 என்றால் இரண்டு பதினாறும் மூன்றும், ஆக 35. ஸ்டிக்கர் சொன்னதேதான். நான் தட்டிய 42 நாலு பதினாறும் இரண்டும், அதாவது 66. வண்டி பாவம், 66 பிஎஸ்ஐ எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறது. 66இல் 25 சதவீதம் கழித்தாலும், 49க்கு மேலே போனால்தான் அதற்கு நிம்மதி. போட வேண்டியது 2ஏ: ஏ என்றால் பத்து, இரண்டு பதினாறும் பத்தும் 42. பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றி, பிறகு 2ஏ எழுதினேன். இப்போது அமைதியாக இருக்கிறது. டேய், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ, இதை வெளியே சொல்லாதே.

சரி, உன் விளக்குக்கு வருவோம். வண்டியைக் கிளப்பியதும் அது ஒரு நிமிடத்துக்கு மேல் கண் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறதா, அல்லது ஆரம்பத்திலிருந்தே நிலையாக எரிகிறதா? சிமிட்டினால் அமைப்பிலேயே கோளாறு. உன் வண்டிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருடம்தான் தாங்கும், அதை மட்டும் கழற்றி மாற்றவும் வழியில்லை. புது சென்சார் போட்டால் அதன் அடையாள எண்ணை வண்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மென்பொருளுக்கு அங்கே நிஜமாகவே வேலை உண்டு. வாங்கும்போது அலைவரிசையைப் பார், 315 மெகாஹெர்ட்ஸ் வண்டிக்கு 433 சென்சார் போட்டால் ஒன்றுக்கொன்று காதில் விழாது.

சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று வைத்துக்கொள். சில வண்டிகளில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்று கொஞ்சம் சிறுத்து, மற்றதைவிட வேகமாகச் சுழலும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதை வைத்துக் கண்டுபிடிக்கும். உன்னுடையது அந்த வகை என்றால் லேப்டாப்பே தேவையில்லை, காற்றடித்துவிட்டு மெனுவில் ரீசெட் கொடுத்தால் போதும். எந்த வகையானாலும் விளக்கை மட்டும் ஊமையாக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நாலையும் அள. ஓடிய டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டி உன்னை ஏமாற்றும். அந்த நாலு எண்ணையும், விளக்கு சிமிட்டுகிறதா இல்லையா என்பதையும் எழுது. சாதாரண எண்ணிலேயே எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்