80 சதவீதத்தைத் திரும்பக் கேட்காதே

நாகர்கோவில்

அன்புள்ள மூர்த்திக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மனு வரைவு கைக்கு வந்து வெகுநாள் ஆகியும் பதில் போடாததற்கு மழையையோ மருத்துவரையோ சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. படித்த கையோடு எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன் என்பதால் ஆறப்போட்டேன். ஆறிய பிறகும் என் கருத்து மாறவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். இளையவள் சி.ஏ. கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்; மூர்த்தி மாமாவைப் போல ஆகிவிடாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சியின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு அதே நிலத்தில் பெரிய காற்றாலைகளை நிறுவுவோருக்கு என்ன சலுகை வேண்டும் என்று உங்கள் மில்காரர்கள் டெல்லிக்கு அனுப்பப்போகும் மனுவின் நான்காம் பத்தியில், நம் ஆட்கள் ஏடி என்று செல்லமாகச் சொல்கிற துரிதத் தேய்மானத்தை, அதாவது இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்கிற சலுகையை, பழையபடி 80 சதவீதமாக்கித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மற்றப் பத்திகளில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இந்த ஒரு பத்தியை மட்டும் நீ எடுத்துவிட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இத்தனை காலம் நெட்டையும் குட்டையுமாகக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவன் என்கிற ஒரே தகுதியில் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காற்றாலைகள் குவிந்த முப்பந்தலில் நடந்ததை நீ கோயம்புத்தூரில் ஏ.சி. அறையில் ஆடிட்டராக உட்கார்ந்து காகிதமாகப் பார்த்தாய். அந்த இயந்திரங்களைப் பராமரித்த நான் வெயிலில் பார்த்தேன். வாங்கிய விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. கம்பெனிகளின் வருமான வரி நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்த காலம் அது. ஒரு கோடி ரூபாய் இயந்திரத்தை வாங்கினால் அந்த ஆண்டே நாற்பது லட்சத்துக்கு மேல் வரி தள்ளிப்போய்விடும் என்கிறபோது, அந்த இயந்திரம் சுற்றுமா சுற்றாதா என்று கேட்க யாருக்கு அவசரம்? மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் பாடு என்னவாக இருந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. மார்ச்சில் இங்கே காற்றே கிடையாது. மே மாதம்தான் எட்டிப்பார்க்கும். ஆனாலும் 31ஆம் தேதிக்குள் மீட்டரில் சில யூனிட்டாவது ஏறி, மின்வாரியத்தோடு சேர்ந்து எடுத்த ரீடிங்கில் கையெழுத்து விழுந்து, ‘உபயோகத்துக்கு வந்தது’ என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இரவு பத்து மணிக்கு ஏதோ ஒரு வீச்சு அடித்து இறக்கை மெதுவாக நகரும்போது, கீழே நின்ற முதலாளியின் மேனேஜர் இறக்கையைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது உன் மேசைக்குத்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

1996இல் மேட் வரி வந்து, லாபம் காட்டிவிட்டு வரியே கட்டாமல் இருந்த கம்பெனிகளும் குறைந்தபட்ச வரி கட்டியாக வேண்டும் என்று ஆனதும், அந்தக் கூட்டம் கலைந்துபோனது. காற்றின் வேகம் குறையவில்லை, மின்சாரத்தின் தேவை குறையவில்லை, கலைந்தது கூட்டம் மட்டும்தான். யாருக்காக அந்த விதி வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? அதே காலத்தில் ஜெர்மனிக்காரர்கள் 1991 முதல் ஒரு சட்டம் போட்டு, காற்று மின்சாரத்துக்குச் சில்லறை விலையில் 90 சதவீதத்தை யூனிட் கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இயந்திரம் நின்றால் உரிமையாளனுக்குப் பணம் நின்றது. இங்கே இயந்திரம் நின்றாலும் அவனுக்கு வரவேண்டியது முதல் ஆண்டிலேயே வந்து முடிந்திருந்தது. கியர் பாக்ஸ் போன காற்றாலைகளை மாதக்கணக்கில் சரிசெய்யாமல் போட்டிருந்த முதலாளிகளிடம் நான் நடந்த நடையெல்லாம் எதனால் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உங்கள் பேரேட்டில் அந்த இயந்திரத்தின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகியிருந்தது.

பிறகு நூறு 80 ஆனது. அந்த 180 நாள் விதியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகத்தில் இருந்தால் பாதித் தேய்மானம்தான் என்பதால், செப்டம்பர் கடைசிக்குள் நிறுவினால் முழுச் சலுகை, மார்ச்சுக்குள் நிறுவினால் பாதிச் சலுகை. எங்கள் ஊரில் காற்று மே மாதம் தொடங்கிச் செப்டம்பரோடு ஓய்கிறது. ஆக, காற்று ஓயும் வாரத்தில் ஓர் அவசரம், காற்றே இல்லாத மாதத்தில் இன்னோர் அவசரம். உள்ளூர்க் காற்றுக்கு நேர்மாறாக ஒரு நாட்காட்டியை வேண்டுமென்றே எழுதினால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது.

உன் வாதம் எனக்குத் தெரியும், எழுதாமலே சொல்வேன்: 80 சதவீதத்தை நிறுத்தியபோதெல்லாம் தொழில் படுத்துவிட்டது, ஆகவே அது வேண்டும். 2011-12இல் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலைகள் வந்தன. 2012 ஏப்ரலில் சலுகையை எடுத்ததும் அடுத்த ஆண்டு அது ஏறக்குறைய 1,700ஆகச் சரிந்தது. 2014இல் திரும்பக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறையப்போகிறது என்று தெரிந்ததும் 2016-17இல் 5,500 மெகாவாட் ஓடோடி வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு 1,800கூட இல்லை. நீ இந்த எண்களில் சலுகையின் அவசியத்தைப் பார்க்கிறாய். தீபாவளிக்கு முதல் நாள் தி. நகரில் கூடுகிற கூட்டத்தை வைத்து, ஊரில் எத்தனை பேருக்குத் துணி தேவை என்று கணக்குப் போடுவதைப் போன்றது அது. அடுத்த ஆண்டு வரவேண்டியதும் சேர்ந்து முன்னால் வந்தது, அவ்வளவே. அதோடு 2017 ஒரு சலுகை மட்டும் போன ஆண்டு அல்ல. மின் உற்பத்தி லாபத்துக்கான 80-ஐஏ வரி விலக்குக்கும் யூனிட் ஊக்கத்தொகைக்கும் அதே மார்ச் 31தான் கடைசி நாள். அதே ஆண்டில்தான் குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் என்கிற ஏல முறையும் வந்தது. பிப்ரவரியில் முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசு. டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. மின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலையாக நான்கு ரூபாய்க்கு மேல் வாங்கிப் பழகியவர்கள் திகைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் திகைப்பையும் நீ தேய்மானத்தின் கணக்கில் எழுதிவிட்டாய்.

அந்த யூனிட் ஊக்கத்தொகையைப் பற்றி உன் மனுவில் ஒரு வரிகூட இல்லை. 2009 டிசம்பரில் வந்தது. கிரிடுக்குள் போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு. மெகாவாட்டுக்கு 62 லட்சம் உச்சவரம்பு, பிறகு அதை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். ஒரு மெகாவாட் ஆண்டுக்கு இருபது லட்சம் யூனிட் ஓட்டினால் பத்து லட்சம் ரூபாய். ஆனால் தேய்மானச் சலுகை எடுத்தவருக்கு இது கிடையாது, இரண்டில் ஒன்றுதான். வேறு தொழிலில் லாபம் இல்லாமல் மின்சாரம் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தேய்மானத்தால் என்ன பயன்? கழிப்பதற்கு வரி இருந்தால்தானே கழிக்க முடியும்! அவர்கள் 50 காசு வழியில் வந்தார்கள். அவர்களுடைய இயந்திரத்தில் ஒரு சென்சார் பழுதானால் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் வரும். ஏடி முதலாளிகளின் இயந்திரம் நின்றால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நான் சொல்லவருவது முழுவதும் இந்த இரண்டு போன்களுக்கு நடுவில் இருக்கிறது.

இப்போது நம் அண்ணாச்சி கதைக்கு வா. அவர் பங்கு வைத்திருக்கிற 225 கிலோவாட் காற்றாலையை நீயும் பார்த்திருக்கிறாய். திறப்புவிழாவில் வடை தீர்ந்துபோனதற்கு நீதான் காரணம் என்று அவர் இன்றும் சொல்கிறார். போன மாதம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, அந்தக் காற்றாலையோடு சுற்றியுள்ளவற்றையும் கழற்றிவிட்டு, இரண்டு மெகாவாட்டுக்கு மேலான ஒன்றை அங்கே வைக்கலாம் என்று ஒப்பந்தம் நீட்டினார்கள். நியாயமான யோசனைதான். பழையதன் கோபுரம் முப்பது மீட்டர், புதியது நூற்றிருபதுக்கு மேல். இறக்கை விட்டம் நான்கு மடங்கு என்றால் காற்றை வாரும் பரப்பு பதினாறு மடங்கு. நாட்டிலேயே முதல்தரமான காற்று அடிக்கிற இடத்தில் முப்பது வருடப் பழைய இயந்திரம் உட்கார்ந்திருப்பது பாவம் என்பதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அந்த வளாகத்தில் எட்டு உரிமையாளர்கள். அவர்களில் இருவர் ஈரோட்டுப் பக்கத்து மில்கள். ஒருவர் காலமாகி, பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒரு டாக்டருக்குத் தனக்குக் காற்றாலை இருக்கிறது என்பதே நினைவில் இல்லை. காற்றுக்காக வந்தவர்கள் அல்ல, வரிக்காக வந்தவர்கள். துண்டு துண்டாக இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி ஆளுக்கொரு கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். இந்த உரிமையாளர்களைத் தேர்ந்தெடுத்தது உன் துரிதத் தேய்மானம், மூர்த்தி. முப்பது ஆண்டு கழித்து ஒரு கையெழுத்து வாங்க முடியாமல் நாங்கள் அலைவது அதன் மிச்சம். இதற்கு மேல் பேங்கிங் பயம் வேறு. ஜூனில் உற்பத்தியானதை மின்வாரியக் கணக்கில் வைத்து ஜனவரியில் மில்லுக்கு எடுத்துக்கொள்கிற அந்த பேங்கிங் வசதி பழைய காற்றாலைகளுக்கு இருக்கிறது. மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆணைக்குப் பிறகு வந்தவற்றுக்கு அது சுருங்கிவிட்டது. பழையதைக் கழற்றினால் அதன் தேதியும் சேர்ந்து போய்விடுமோ என்றுதான் மில்காரர்கள் இருவரும் கையெழுத்துப் போடாமல் நிற்கிறார்கள். மத்திய அரசு 2016இலும் 2023இலும், மாநில அரசு 2024இலும் இதற்கென்று கொள்கை வெளியிட்டும் அந்தப் பயம் முழுவதும் போகவில்லை. அவர்களைக் கையெழுத்திட வைக்கக்கூடியது 80 சதவீதம் அல்ல, இந்தத் தேதி விஷயம்தான். அதை நீ ஒன்பதாம் பத்தியில் அரை வரியில் சொல்லி முடித்திருக்கிறாய்.

இன்னொன்று. இதைச் சொல்ல எனக்கு உள்ளூர எவ்வளவு மகிழ்ச்சி என்பதை மறைக்க மாட்டேன். 2019இல் வந்த 22 சதவீத வரி முறைக்கு மாறிய கம்பெனிகளுக்கு எந்தச் சொத்தின் தேய்மானமும் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறதாமே? உன் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் அந்த முறைக்கு மாறிவிட்டார்கள்? அவர்களுக்கு அரசு 80 கொடுத்தாலும் கையில் நிற்பது 40தான். இது என் கண்டுபிடிப்பு அல்ல; உன் வரைவை மேசைமேல் விட்டிருந்தேன், இளையவள் படித்துவிட்டு, “மாமா இதைக் கவனிக்கவில்லையா அப்பா?” என்றாள். உன் மானத்தைக் காப்பாற்ற, வேலைப்பளு என்று சொல்லியிருக்கிறேன்.

மில்காரர்கள் தேய்மானத்தை விரும்புவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊக்கத்தொகை என்றால் பட்ஜெட்டில் ஒதுக்கீடு வரும்வரை கை நீட்டிக் காத்திருக்க வேண்டும். வரிச் சலுகை என்றால் கட்டவேண்டிய பணம் நம் கையிலேயே தங்கிவிடும். சரி, வரியிலேயே கேள். ஆனால் மீட்டரை வைத்துக் கேள். அமெரிக்காவில் 1992இல் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள்: விற்ற ஒவ்வொரு யூனிட்டுக்கும் இத்தனை சென்ட் என்று பத்து ஆண்டுகளுக்கு வரியில் கழிவு. அதற்கு முன் கலிபோர்னியாவில் முதலீட்டுக்கு வரிக் கழிவு கொடுத்து நம் முப்பந்தலைப் போலவே ஒரு கூத்து நடந்து, 1985 கடைசியில் சலுகை முடிந்ததும் அந்தக் கூட்டமும் கலைந்துபோனது. பட்டுத் தெரிந்துகொண்டுதான் மாற்றினார்கள். 2022 சட்டத்துக்குப் பிறகு, வரி கட்டும் அளவுக்கு லாபம் இல்லாதவர் அந்தக் கழிவை வேறொருவருக்கு விற்கவும் முடிகிறது. நம் அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப்பார். அங்கேயும் கோளாறு இல்லாமல் இல்லை. சலுகையைக் காலாவதியாக விட்டுவிட்டு மறுபடி புதுப்பித்துப் புதுப்பித்து 2000, 2002, 2004 ஆண்டுகளில் புதிய காற்றாலைகள் படுத்துவிட்டன. ஆகவே ஒரே நாளில் அறுந்துபோகிற கடைசித் தேதி வேண்டாம் என்றும் எழுது. மாநிலங்களுக்கிடையிலான மின்வழிக் கட்டண விலக்கை 2025 ஜூன் 30க்குப் பிறகு ஆண்டுக்கு 25 சதவீதமாக வரிசையாகக் குறைக்கிறார்களே, அந்த வழி தேவலை.

என் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டு, 78,000 ரூபாய் மானியத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவன்தானே நீ என்று கேட்பாய். வாங்கினேன். மாடியும் என்னுடையது, கரண்ட் பில்லும் என்னுடையது. பேனலில் தூசி படிந்தால் நட்டம் எனக்குத்தான் என்பதால் வாரம் ஒருமுறை ஏறித் துடைக்கிறேன். ஈரோட்டிலிருந்து யாரும் வந்து ஏறப்போவதில்லை.

நான்காம் பத்திக்குப் பதிலாக என் கையால் சில வரிகள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சாரம் இதுதான்: கழற்றப்படும் காற்றாலைகளின் கடந்தகாலச் சராசரி உற்பத்திவரை பழைய பேங்கிங் உரிமை தொடர வேண்டும், அந்தச் சராசரிக்கு மேல் புதிய காற்றாலை தருகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ஆண்டுகளுக்கு வரிக் கழிவு வேண்டும், பல உரிமையாளர்கள் சேர்ந்து ஒன்றை நிறுவினால் பங்கு வீதத்தில் அந்தக் கழிவு பிரிய வேண்டும், வேண்டாதவர் விற்கலாம். யூனிட்டுக்கு எவ்வளவு காசு என்பதை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். அது உன் வேலை. எண்ணைப் போடும் முன் 40 சதவீதத் தேய்மானத்தோடு சேர்த்து எடுக்கலாமா, இரண்டில் ஒன்றா என்பதையும் முடிவு செய். சேர்த்து என்று கேட்டால் டெல்லியில் சிரிப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

சங்கக் கூட்டத்துக்கு முன்னால் போன் செய். திட்டுவதாக இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செய், அப்போதுதான் நிதானமாகக் கேட்க முடியும். அண்ணாச்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கார்த்திகையில் அவர் பேத்திக்குக் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும்.

உன்,
கணபதி