பேரனோடு ஆடும் சதுரங்கம்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ வேண்டுமென்றே ராணியைப் பறிகொடுத்துத் தோற்றதையும், அதைக் கண்டுபிடித்துவிட்ட பேரன் இரவு வரை உன்னோடு பேசாமல் இருந்ததையும் போனில் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அதே தவற்றை உன்னிடம் நானும் செய்திருக்கிறேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. உன் மந்திரி வெட்டும் கட்டத்தில் என் ராணியைக் கொண்டுபோய் வைத்தேன். நீ பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அந்த ராணியை இரண்டு விரலால் எடுத்துப் பழைய கட்டத்திலேயே வைத்து, "ஒழுங்கா ஆடுங்கப்பா" என்றாய்.

சதுரங்க ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் அளக்கும் எலோ தரப்புள்ளிக் கணக்கின்படி, 400 தரப்புள்ளி குறைவாக உள்ளவர் பத்து ஆட்டங்களில் எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய ஒரு வெற்றி அளவுதான். உனக்கும் அவனுக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரியது என்பதால், அவன் தோற்றுக்கொண்டே இருப்பதைக் காணப் பொறுக்காமல்தான் நீ அப்படிச் செய்திருப்பாய். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர்கள் இதற்கு நேர்மையான வழி ஒன்று வைத்திருந்தார்கள்: பலமானவர் ஆட்டம் தொடங்கும் முன்பே, எதிராளி பார்த்திருக்கத் தன் காய் ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதன்பின் முழு மூச்சாக ஆடுவார். அமெரிக்கரான பால் மார்ஃபி குதிரையையும், சில ஆட்டங்களில் யானையையுமே இப்படி விட்டுக்கொடுத்தவர். ஆனால் 1858-இல் பாரிஸ் ஆபரா அரங்கில் பிரன்ஸ்விக் கோமகனும் இன்னொரு பிரபுவும் கலந்து பேசி அவரை எதிர்த்து ஆடியபோது, எந்தக் காயையும் குறைக்காமல் ஆடி, 16-ஆவது நகர்த்தலில் ராணியைப் பலி கொடுத்து, 17-ஆவதில் செக்மேட் செய்தார். அவர் ராணியைக் கொடுத்ததற்கும் நீ கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரனே உனக்கு விளக்குவான்.

இந்த வாரம் ராணி பக்கத்துக் குதிரையை அவன் கண்ணெதிரே டப்பாவில் போட்டுவிட்டு, வெள்ளைக் காய்களோடு ஆடிப் பார். அவன் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள். கறுப்புக்கு மாறி, ராஜா பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயை மட்டும் எடுத்துவிடு. ஒரு சிப்பாய்தானே என்று தோன்றும். ஆனால் உன் ராஜாவின் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும்.

முடிவை எழுது. இப்போது நாம் இருவரும் ஆடினால் எனக்கே நீ ஒரு குதிரையாவது குறைக்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கு வரும்போது பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா